பொறுப்புடைமையா, கணக்களிப்பா?

அக்கவுன்டபிலிட்டிக்குத் தமிழில் ‘பொறுப்புடைமை’ என்று இன்னும் ஒரு தடவை யாராவது சொன்னால் எழுந்து போய்விடலாம் என்றிருக்கிறது. உள்ளாட்சி பற்றிய பயிற்சிக் கையேடா, திட்ட அறிக்கையா, சுவரில் மாட்டிய பதாகையா, எதைத் திறந்தாலும் ‘வெளிப்படைத்தன்மை மற்றும் பொறுப்புடைமை’ என்று இரண்டும் கைகோத்துக்கொண்டு நிற்கின்றன. முதல் சொல்லை விட்டுவிடலாம், பழகிவிட்டது. இரண்டாவதுதான் உறுத்துகிறது.

காட்பாடிப் பக்கம் நடந்த ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில், வந்திருந்த பேச்சாளர் “மக்களுக்குப் பொறுப்புடைமையை உறுதிசெய்வதே இந்தச் சீர்திருத்தத்தின் நோக்கம்” என்று வாசித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா விடவில்லை. “இன்னாபா, எங்களுக்கா பொறுப்பு இல்ல? தண்ணிய நேரத்துக்கு உடாதது நீங்க, கால்வாய நோண்டிட்டு மூடாதது நீங்க. பொறுப்பு எங்களுக்கு வேணுமா?” சபை சிரித்தது. பேச்சாளரும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். ஆனால் அந்த அம்மா தப்பாக ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. அந்த வாக்கியத்துக்குத் தமிழில் அதுதான் பொருள்.

முதலில் சொல் பிறந்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். ஆங்கிலத்தின் அக்கவுன்ட், பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் கொம்புத்தாரே என்ற வினைக்குப் போகிறது. எண்ணிப் பார், கூட்டிக் கணக்கிடு என்று பொருள். கம்ப்யூட்டர் பிறந்ததும் அதே வயிற்றில்தான். நம்மிடமும் கணக்கு, கணினி இரண்டும் ‘கணி’ என்ற ஒரே அடியில் வந்து சேர்கின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, ஆனால் இவ்வளவு பொருத்தம் லேசில் அமையாது. கணக்குக்கும் வடமொழிக் கணிதத்துக்கும் யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்ற பழைய சண்டையில் இங்கே இறங்கப்போவதில்லை. ஆக, ஆங்கிலச் சொல்லின் வயிற்றில் இருப்பது கணக்கு. அதைக் கேட்பவரிடம் சொல்லியாக வேண்டும் என்ற கடமைதான் அக்கவுன்டபிலிட்டி.

பொறுப்பு அப்படிப்பட்ட சொல்லே இல்லை. ‘பொறு’ என்றால் சும, தாங்கு. ஒரு வேலையைத் தலையில் வாங்கிக்கொண்டவர் பொறுப்பாளர். அது ரெஸ்பான்சிபிலிட்டி. ‘பொறுப்பான பையன்’ என்று ஒருவனைச் சொல்கிறோம். யாரும் அவனிடம் கேள்வி கேட்க வேண்டியதில்லை என்பதால்தான் அப்படிச் சொல்கிறோம். கேள்வி கேட்க வேண்டியவரைப் பற்றிய சொல்லுக்கு இதைக் கொண்டுபோய் வைத்தால் எப்படி?

அரசாங்கத் தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அலுவலகக் கதவில் ‘ஆணையர் (பொறுப்பு)’ என்று எழுதியிருந்தால், இவர் நிரந்தர ஆணையர் இல்லை, வேறொரு நாற்காலியில் இருந்துகொண்டு இதையும் சேர்த்துப் பார்க்கிறார் என்று அர்த்தம். உள்ளே போய்க் கேட்டால், “நான் பொறுப்புதான் சார், புது ஆபீசர் வரட்டும்” என்பார். அடைப்புக்குறிக்குள் பொறுப்பு வந்தால் பதில் சொல்ல ஆள் இல்லை என்று பொருள். அதே சொல்லில் ‘உடைமை’யை ஒட்டி, பதில் சொல்லும் கடமைக்குப் பெயராக வைத்திருக்கிறோம்.

1956-ல் அரியலூரில் பாலம் உடைந்து ரயில் கவிழ்ந்தபோது லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியை விட்டார். பெரிய மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் பொறுப்பேற்பது தானாக முன்வந்து செய்வது. பாலம் ஏன் தாங்கவில்லை, யார் பார்த்திருக்க வேண்டும், எச்சரிக்கை எங்கே நின்றுபோனது என்று ஒருவர் கேட்டு இன்னொருவர் சொல்லித் தீர வேண்டியது வேறு. ராஜினாமா செய்பவர் நல்லவராகவே இருந்தாலும் அந்தக் கேள்விகளுக்கு அதனால் பதில் கிடைத்துவிடாது.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். என் முக்கியமான வழக்கு இங்கேதான். அக்கவுன்டபிலிட்டியில் மூன்று இடங்களை நிரப்ப வேண்டும்: யார், யாருக்கு, எதற்கு. ‘உடைமை’ என்று முடிகிற தமிழ்ச் சொல் எதுவானாலும் ஒரே ஒரு இடம்தான் உண்டு, அதை உடையவர். அன்புடைமை, அடக்கமுடைமை, பொறையுடைமை எல்லாம் ஒருவரிடம் இருக்கிற குணங்கள். ‘யாருக்கு’ என்று சேர்க்கப் போனால், நான்காம் வேற்றுமையான ‘கு’ நேராக உடையவரைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். ‘மக்களுக்குப் பொறுப்புடைமை வேண்டும்’ என்றால் மக்கள் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் என்று ஆகிவிடும். அந்த அம்மா கேட்டது அதைத்தான். ‘மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். யார் சொல்வது, யார் கேட்பது என்பதில் எந்தப் பாமரனுக்கும் குழப்பம் வராது. பயில்வான் மாதிரி நிற்கிற ஒரு பெயர்ச்சொல்லைவிட, ‘கு’ என்ற ஒற்றை எழுத்துக்கு இடம் விடுகிற வினைச்சொல் மேல்.

இலங்கைத் தமிழர்கள் ‘பொறுப்புக்கூறல்’ என்கிறார்கள். 2009-க்குப் பிறகு ஐ.நா. தீர்மானங்களைப் பற்றி எழுதாத நாள் இல்லை என்பதால், அங்கே அது நாளிதழ் வாசிக்கிற எல்லாருக்கும் தெரிந்த சொல். நம்முடைய பொறுப்புடைமையை விட ஆயிரம் மடங்கு உயர்ந்தது. கூறல் இருக்கிறது, ஆகவே கேட்பவர் ஒருவர் இருக்கிறார். அவர்களின் புழக்கத்தில் அது வேரூன்றிவிட்டது, அங்கே அது இருக்கட்டும். இங்கே கொண்டுவருவதில்தான் எனக்குத் தயக்கம். தமிழ்நாட்டுக் காதுக்குப் ‘பொறுப்புக் கூறு’ என்பது ‘பழியை ஏற்றுக்கொள்’ என்று கேட்கிறது. குற்றம் நடந்தபின் வருகிற சொல்லாகத் தெரிகிறது. ஆனால் உள்ளாட்சியில் நமக்கு வேண்டியது எதுவும் கெடாத சாதாரண நாளில், போன மாதம் எத்தனை லாரித் தண்ணீர் வந்தது, எத்தனை தெருவிளக்கு மாற்றினீர்கள் என்று கேட்டு வாங்குகிற பழக்கம்.

‘பதிலளிக்கும் தன்மை’ என்று ஒன்று இருக்கிறது. தன்மை, தன்மை, தன்மை! ஆங்கிலத்தில் ‘இட்டி’ என்று முடிகிற சொல்லைக் கண்டதும் மொழிபெயர்ப்பாளரின் கை தானாகத் ‘தன்மை’ என்று அடித்துவிடுகிறது. நிலைத்தன்மை, நம்பகத்தன்மை, பங்கேற்புத்தன்மை என்று போய், கடைசியில் வாக்கியத்தில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாவற்றிலும் தன்மைகள் மட்டும் இருக்கின்றன. அதே ஆசாமிகள்தான் ஸ்டேக்ஹோல்டரைப் ‘பங்குதாரர்’ ஆக்கியவர்கள். ஏரி தூர்வாருவது பற்றிப் ‘பங்குதாரர்கள் கலந்தாய்வு’ என்று அழைப்பு வந்தால், ஏரியில் எனக்கு எத்தனை பங்கு, டிவிடெண்ட் எப்போது என்று கேட்கத் தோன்றாதா? ‘சம்பந்தப்பட்டவர்கள்’ என்று நாலு பேருக்குத் தெரிந்த சொல் இருக்கும்போதே இந்தக் கூத்து.

உலக வங்கியின் 2004 வளர்ச்சி அறிக்கை, பொதுச் சேவை சரியாக நடக்க இரண்டு வழிகள் உண்டு என்று சொன்னது. மக்கள் ஓட்டுப் போட்டு, அரசியல்வாதி அதிகாரியைக் கேட்டு, அதிகாரி வேலை வாங்குவது நீண்ட வழி. மக்களே சேவை தருகிறவரை நேராகக் கேட்பது குறுகிய வழி. இந்த இரண்டாவதை ஒரு கையேட்டில் ‘பொறுப்புடைமையின் குறுக்கு வழி’ என்று தமிழ்ப்படுத்தியிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். குறுக்கு வழி என்றால் நம் ஊரில் என்ன என்று அலுவலக வாசலில் நிற்கும் புரோக்கரைக் கேட்டால் விளக்கமாகச் சொல்வார்.

சரி, கணக்குக்கு என்ன யோக்கியதை? காஞ்சிபுரத்தைத் தாண்டி உத்திரமேரூர் போனால், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை பற்றி எல்லாரும் பேசுகிற கல்வெட்டு. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்ற ஊர்க் குழுக்களுக்கு ஆள் எடுக்கும்போது யாரைச் சேர்க்கக் கூடாது என்ற பட்டியல் அதில் வருகிறது. வாரியம் செய்துவிட்டுக் ‘கணக்குக் காட்டாதே இருந்தாரையும்’ சேர்க்கக் கூடாது. அவரை மட்டுமல்ல, அவருடைய சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள் வரை உறவுக்காரர்களையும் சேர்க்கக் கூடாது. அந்தச் சபை பிராமணர் சபை, பெண்ணுக்கும் ஏழைக்கும் அதில் இடமில்லை. அதைச் சொர்க்கம் என்று கொண்டாட நான் வரவில்லை. ஆனால் நமக்கு வேண்டிய கருத்துக்கு அன்றைக்கே சொல் இருந்தது, அந்தச் சொல் கணக்கு. வாரியம் இன்றும் மின் வாரியம், வீட்டுவசதி வாரியம் என்று உயிரோடு இருக்கிறது. கணக்கை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டோம்.

‘கணக்கு என்றால் காசுக்கணக்கு மட்டும்தானே’ என்று ஆட்சேபம் வரும். ராத்திரி பதினோரு மணிக்கு வீடு திரும்பும் பையன் “எங்க போனேன்னு உனக்குக் கணக்குச் சொல்லணுமா?” என்கிறானே, அதில் காசு எங்கே இருக்கிறது? நடத்தைக்கும் நேரத்துக்கும் முடிவுக்கும் கணக்கு உண்டு என்பது பேச்சுத் தமிழுக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது. ‘கணக்குக் காட்டுவது’ இன்றைக்குக் கெட்டுப்போய்விட்டது. மரக்கன்று நட்டதாகக் கணக்குக் காட்டினார்கள் என்றால் நடவில்லை என்று அர்த்தம். ஒத்துக்கொள்கிறேன், அந்த வினை போச்சு. பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் வரும் ‘கணக்கொப்புவி’ அழகானது. ஆனால் ஒப்புவிப்பது என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மூச்சுவிடாமல் மனப்பாடம் சொல்வது நினைவுக்கு வருகிறது. சில அதிகாரிகள் கூட்டங்களில் செய்வதும் ஏறக்குறைய அதுதான் என்றாலும் அதையே சொல்லாக்க முடியாது. பேச்சில் ‘கணக்குச் சொல்வது’ போதும். சட்டத்துக்கும் அறிக்கைக்கும் பெயர்ச்சொல் வேண்டும் என்றால் ‘கணக்களிப்பு’ எனலாம், வாக்களிப்பு மாதிரி. வாயில் ஏறாத சொல் இல்லை. கணக்களிக்கக் கடமைப்பட்டவர், கணக்களிப்புக் கடமை என்று விரித்துக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது. திட்டப் பணிகளை மக்களே சரிபார்க்கிற சமூகத் தணிக்கை என்பதில் ‘தணிக்கை’ சினிமா சென்சாரையும் சேர்த்துச் சுமக்கிறது, அந்தச் சங்கடம் இதில் இல்லை.

‘யாருக்கு’ என்பதை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பழைய வட ஆற்காட்டில் ஊர்க் கணக்கு, கர்ணம் என்ற கிராமக் கணக்கரின் கையில் இருந்தது. அவர் எழுதினார், தாசில்தார் பார்த்தார், ஊர் பார்க்கவில்லை. 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. ஆள் மாறியது, கணக்கு மேலே போகிற வழி மாறவில்லை. 1994 ஊராட்சிச் சட்டம் கிராம சபையைக் கொண்டுவந்தது. ஆனால் ஊராட்சித் தலைவரை நீக்கும் அதிகாரம் இன்றும் மாவட்ட ஆட்சியரிடம்தான், கிராம சபையிடம் இல்லை. ஆட்சியருக்குக் கணக்கு, மக்களுக்குப் பேச்சு. 2022 நவம்பர் 1-ல் நகரங்களிலும் பகுதி சபைகள் கூடத் தொடங்கின, வேலூரின் 60 வார்டுகளும் அந்த ஏற்பாட்டுக்குள் வருகின்றன. அங்கே கேட்கப்படுவது மேலதிகாரிக்கான கணக்கா, தெருக்காரர்களுக்கான கணக்கா என்பதைப் ‘பொறுப்புடைமை’ சொல்லவே சொல்லாது. 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் முகப்புரை இதில் தெளிவாக இருக்கிறது: அரசு ஆளப்படுவோருக்கே கணக்களிக்க வேண்டும் என்கிறது. அந்த ‘ஆளப்படுவோருக்கு’ தமிழில் தொலைந்துபோகக் கூடாது.

இதன் வினை வடிவத்தைப் பொறுப்பை வைத்து எழுதினால்தான் உச்சகட்ட வேடிக்கை. ஒருவரைக் கேள்விக்கு உட்படுத்துவதைப் ‘பொறுப்பாக்குதல்’ என்று எழுதுகிறார்கள். தமிழில் ஒருவரைப் பொறுப்பாக்கினால் அவர் கையில் வேலையை ஒப்படைத்ததாக அர்த்தம். நமக்கு நேரான வினை இருக்கிறது: கணக்குக் கேள். 2022-ல் வேலூரில் ஒரு தெருவில், நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தக்கூட மெனக்கெடாமல், சக்கரங்களைச் சேர்த்துப் பிடித்துச் சிமென்ட் சாலை போட்டார்கள். படம் நாடு முழுக்கச் சுற்றியது. அந்த ஒப்பந்ததாரரிடம் கணக்குக் கேட்க வேண்டும் என்றால் எல்லாருக்கும் புரியும். ‘ஒப்பந்ததாரரைப் பொறுப்பாக்க வேண்டும்’ என்று எழுதினால், அடுத்த தெருவையும் அவருக்கே கொடுத்துவிடுவார்கள்.