டெங்குவுக்கு ஏது பக்கவிளைவு?

ஒரு நோய் முற்றும்போது அதோடு சேர்ந்து வரும் கோளாறை டாக்டர்கள் ‘காம்ப்ளிகேஷன்’ என்பார்கள். அந்தச் சொல்லைத் தமிழில் ‘பக்கவிளைவு’ என்று எழுதுகிறவர்களிடம் இத்தனை நாள் வாய்மூடி இருந்தேன், இனி முடியாது.

நடந்தது இதுதான். பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்காவின் பதினாலு வயசுப் பையனுக்கு டெங்கு. சேர்த்த ஆஸ்பத்திரியில் டெங்கு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து எழுதும் ஆய்வு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதற்கு அம்மாவின் சம்மதம் வேண்டும். அக்காவுக்கு எழுத்து தெரியாது. அப்படியிருந்தால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாகப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காக என்னைக் கூப்பிட்டார்கள். தமிழ்ப் படிவத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன், ‘டெங்குவின் பக்கவிளைவாக நுரையீரலைச் சுற்றி நீர் சேரலாம்’ என்ற வரியில் அக்கா நிறுத்தினார். “பக்கவிளைவா? அப்போ என்ன மருந்து ஏத்துறாங்க? அந்த டிரிப்பை முதல்ல கழட்டச் சொல்லு.”

அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. பக்கவிளைவு என்றால் மருந்தோ ஊசியோ நாம் கேட்டதைத் தருவதோடு கேட்காமல் தருவது. இந்த ஆய்விலோ மருந்தே கிடையாது, ரத்தம் எடுப்பார்கள், குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

சொல்லின் பூர்வீகம் பெரிய கதையில்லை. லத்தீனில் ‘ப்ளிகாரே’ என்றால் மடிப்பது, ‘காம்’ என்றால் சேர்த்து. ஒன்றோடொன்று சேர்ந்து மடிந்து பின்னிக்கொள்வதுதான் காம்ப்ளிகேஷன். தமிழில் முடி சிக்கும், நூல் சிக்கும், அதிலிருந்து வந்த ‘சிக்கல்’ அப்படியே பொருந்துகிறது. இங்கே கன்னடத்தில் ‘தொடகு’ என்கிறார்கள், அதற்கும் சிக்கு, முடிச்சு என்றே பொருள். பக்கவிளைவுக்கு அவர்களிடம் ‘அட்ட பரிணாம’ என்று வேறு சொல் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் குழப்பிக்கொள்ளாததை நாம் ஏன் குழப்புகிறோம்?

மொழிபெயர்ப்பு வேலை செய்யும் நண்பரிடம் கேட்டேன். “சிக்கல்னு போட்டா ஜனங்களுக்கு மலச்சிக்கல் ஞாபகம் வரும், கௌரவமா இல்ல” என்றார். அப்படியென்றால் ‘பிரசவத்தில் சிக்கல்’ என்று பத்திரிகைகள் எத்தனை வருஷமாக எழுதுகின்றன, அதைப் படித்து யாருக்காவது மலச்சிக்கல் நினைவு வந்ததா? ‘பிரசவத்தில் பக்கவிளைவு’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? அடுத்து ‘பின்விளைவு’ என்று ஒன்றை எடுத்துவிட்டார். நல்ல சொல், ஆனால் இடம் வேறு. நோய் போன பிறகும் மிச்சம் நிற்பதுதான் பின்விளைவு: சிக்குன்குனியா வந்து காய்ச்சல் விட்டும் மாதக்கணக்கில் மூட்டு வலிக்கிறதே, அது.

டெங்குவில் சிக்கல் நோயின் நடுவிலேயே வருகிறது. காய்ச்சல் தொடங்கி மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள், பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிகிறது. வெளியே வந்த நீர் நுரையீரலைச் சுற்றியும் வயிற்றிலும் சேர்கிறது, உள்ளே ரத்தம் கெட்டியாகிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வகைப்பாட்டில் விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தக் கசிவு எல்லாம் எச்சரிக்கை அறிகுறிகள். வீட்டில் இருப்பவர்களோ ‘காய்ச்சல் விட்டுடுச்சு, டிஸ்சார்ஜ் பண்ணுங்க’ என்று நிற்பார்கள். அந்த நேரத்தில் பிள்ளையைக் காப்பாற்றுவது அளவு பார்த்து ஏற்றும் டிரிப். அதைத்தான் ‘பக்கவிளைவு’ என்ற ஒரு சொல்லைக் கேட்டு அக்கா கழட்டச் சொன்னார்.

வைரஸைத் தீநுண்மி என்பதா நச்சுயிரி என்பதா என்று ராத்திரி பூரா சண்டை போட நம்மிடம் ஆள் இருக்கிறது. எனக்கு வைரஸே போதும், அல்சூரில் எல்லோருக்கும் புரிகிறது. இந்த மாதிரிப் படிவத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. வார்த்தைக்கு இவ்வளவு காசு என்று வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் வார்டுக்குள் கால் வைத்திருப்பாரா என்பதே சந்தேகம்.

அன்றைக்கு அக்காவிடம், “நோய் சிக்கலாச்சுன்னா நுரையீரலைச் சுத்தி தண்ணி சேரும்னு போட்டிருக்கு, மருந்தால இல்ல” என்றேன். உடனே புரிந்துகொண்டு கைநாட்டு வைத்தார். படிவத்தைத் திருத்தச் சொன்னதற்கு, ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ளாமல் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்றார்கள், நியாயம்தான். குறித்துக்கொள்கிறோம் என்றும் சொன்னார்கள். பையன் தேறி வீட்டுக்கு வந்து மூன்று மாசம் கழித்து, வேறொருவருக்குச் சாட்சியாகப் போனபோது புதுப் படிவம் கைக்கு வந்தது. திருத்தியிருந்தார்கள்: ‘டெங்குவின் பக்கவிளைவுச் சிக்கல்கள்’.