கறுத்துப்போன முகம் எங்கிருந்து வருகிறது?

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டில் நிறைய மோட்களை, அதாவது விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் கோப்புகளைச் சேர்த்து ஆடியவர்களில் பலர் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள்: எதிரே நிற்கும் பாத்திரத்தின் உடல் இயல்பான நிறத்தில் இருக்க, முகம் மட்டும் கரி பூசியதுபோல் கறுத்திருக்கும். மோட் பழுதானது என்று எண்ணி உடனே அதை நீக்கிவிடுவோர் உண்டு. ஆனால் பெரும்பாலும் கோளாறு எந்த ஒரு மோடிலும் இருப்பதில்லை; இரண்டு மோட்கள் அடுக்கப்பட்ட வரிசையிலேயே இருக்கிறது.

2011-இல் வெளிவந்த இவ்விளையாட்டில் ஆட்கள், வாள்கள், மந்திரங்கள், உரையாடல்கள் ஆகியவை தனித்தனிப் பதிவுகளாகத் தரவுக் கோப்புகளில் வைக்கப்பட்டுள்ளன. மோட் உருவாக்குபவர் அந்த மூலக் கோப்புகளைத் தொடுவதில்லை. தாம் மாற்ற விரும்பும் பதிவைப் படியெடுத்துத் திருத்தி, பிளகின் எனப்படும் சிறு கோப்பில் வைக்கிறார். விளையாட்டு தொடங்கும்போது எல்லாக் கோப்புகளும் லோட் ஆர்டர் என்ற வரிசைப்படி படிக்கப்படுகின்றன. ஒரே பதிவு இரண்டு பிளகின்களில் இருந்தால், பிந்தி வருவதே செல்லும். அதுவும் திருத்தப்பட்ட ஒரு வரி மட்டுமல்ல, பொதுவாகப் பதிவு முழுவதுமே செல்லும்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. ஒரு மோட் ஒரு வீரனின் முகத்தை மாற்றுகிறது; மற்றொன்று அவனுடைய போர்த்திறனை மட்டும் உயர்த்துகிறது. இரண்டாவது மோடை உருவாக்கியவர் முகத்தைப் பற்றி நினைத்தே பார்க்கவில்லை என்றாலும், அவர் படியெடுத்த பதிவில் பழைய முகத்தின் விவரங்களும் இருக்கின்றன. அந்தப் பிளகின் பிந்தி வந்தால் பதிவு பழைய முகத்தைச் சொல்லும். முன்கூட்டியே வார்த்துத் தனிக்கோப்பாக வைக்கப்பட்ட தலையோ முதல் மோடிலிருந்து வரும். இரண்டும் பொருந்தாதபோது முகம் கறுத்துவிடுகிறது. இதற்குத் தீர்வு, முதல் பதிவின் முகத்தையும் இரண்டாவதன் திறனையும் சேர்த்து ஒரு புதிய பதிவாக்கி, ஒட்டுக் கோப்பாக இரண்டுக்கும் பின்னால் வைப்பதாகும். எக்ஸ்எடிட் என்ற கருவி முட்டிக்கொள்ளும் பதிவுகளை அருகருகே நிறுத்திக் காட்டுவதால் இப்பணி கைகூடுகிறது. மோட் கலையில் மிகுந்த பொறுமையைக் கேட்பதும், மிகுந்த நிறைவைத் தருவதும் இதுவே என்பேன்.

ஒவ்வொரு பதிவுக்கும் 32 பிட் அடையாள எண் உண்டு. பதினாறு குறிகளைக் கொண்டு எண்ணும் பதினறும முறையில் எழுதினால் அது 8 இலக்கங்கள். முதல் இரண்டும் பிளகின் வரிசையில் நிற்கும் இடத்தைக் குறிக்கும். இரண்டு இலக்கங்களில் 256 இடங்களே கிடைக்கும். அவற்றுள் கடைசியானது ஆட்டத்தின்போது உருவாகும் பொருள்களுக்கு ஒதுக்கப்பட்டதால், மூல விளையாட்டையும் சேர்த்து 255 கோப்புகளே இடம்பெற முடிந்தது. 2016-இல் வந்த ஸ்பெஷல் எடிஷன் என்ற மறுபதிப்பில் பின்னர் அறிமுகமான இலகு பிளகின்கள் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டு, அடுத்த மூன்று இலக்கங்களால் தம்மை வேறுபடுத்திக்கொள்கின்றன. ஆகவே ஓர் இடத்தில் 4096 கோப்புகள் அடங்குகின்றன.

வரிசை மாறினால் அடையாள எண்ணும் மாறுமே என்ற ஐயம் எழலாம். சேமிப்புக் கோப்பு தான் உருவானபோது இருந்த பிளகின்களின் பட்டியலையும் வைத்திருப்பதால், எண்கள் புதிய வரிசைக்கேற்ப மாற்றிக்கொள்ளப்படுகின்றன. ஆனால் பாதி ஆட்டத்தில் ஒரு மோடை நீக்கினால், அது இயக்கிவந்த நிரல்களின் எச்சங்கள் சேமிப்புக் கோப்பிலேயே தங்கிவிடக்கூடும். அதனால் நீக்கியே தீர வேண்டுமென்றால், அந்த மோடைச் சேர்ப்பதற்கு முன் சேமித்த இடத்திலிருந்து தொடர்வதே பாதுகாப்பானது.