அரோமாட்டிக் ஐதரோகார்பன்: சாம்பிராணியில் பிறந்த ஒரு பெயர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஞாயிறுதோறும் நடக்கும் எங்கள் தமிழ் வகுப்பில், காற்றுமாசு பற்றிய அறிவிப்பு ஒன்றைத் தமிழாக்கம் செய்துகொண்டிருந்தபோது, ஒரு மாணவி ‘அரோமாட்டிக் ஐதரோகார்பன்’ என்பதன் தமிழாக்கமான ‘நறுமண ஐதரோகார்பன்’ என்ற சொல்லைப் படித்துவிட்டு, “நறுமணம் என்றால் நல்ல மணம்தானே, அது எப்படி நோய் தரும்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி மிகச் சரியானது. பிழை சொல்லில்தான் இருக்கிறது.

இந்த வகைச் சேர்மங்களின் தாய் பென்சீன். அப்பெயரின் வேர் நம் வீட்டுப் பூசை அறையில் இருக்கிறது. சுமத்திராவிலிருந்து வந்த சாம்பிராணிப் பிசினை அரபு வணிகர்கள் ‘லுபான் ஜாவி’, அதாவது சாவகத்துக் குந்திரிக்கம், என்று அழைத்தனர். ஐரோப்பியர் காதில் முதலசை உதிர்ந்து அது ‘பென்ஜாயின்’, ‘பென்சோயின்’ என்று திரிந்தது. அப்பிசினிலிருந்து எடுத்த அமிலம் பென்சோயிக் அமிலம் ஆயிற்று. ஆங்கில அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1825இல் விளக்கெரிக்கும் வாயுவின் எண்ணெய்க் கசடிலிருந்து ஒரு நீர்மத்தைப் பிரித்தெடுத்திருந்தார். ஜெர்மன் வேதியியலாளர் மிட்செர்லிக் 1833இல் பென்சோயிக் அமிலத்தைச் சுண்ணாம்புடன் சூடாக்கியபோது அதே நீர்மத்தைப் பெற்று, அதற்குப் ‘பென்சின்’ என்று பெயரிட்டார். அந்த நீர்மமே நாம் சொல்லும் பென்சீன். ‘பென்சின்’ என்ற சொல் இன்று ஜெர்மன் மொழியில் பெட்ரோலைக் குறிக்கிறது. சுமத்திராவின் மேற்குக் கரையில், சாம்பிராணிக்கும் கற்பூரத்துக்கும் பெயர்பெற்ற பாருசு துறைமுகத்தருகே, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088இல் தமிழிலேயே கல்வெட்டுப் பொறித்துச் சென்றதை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை.

‘அரோமாட்டிக்’ என்ற அடைமொழியை வேதியியலில் ஒரு சேர்ம வகைக்கு 1855இல் வழங்கியவர் ஜெர்மன் வேதியியலாளர் ஹோஃப்மன். அக்காலத்தில் அறியப்பட்ட இவ்வகைப் பொருள்கள் பலவும் பிசின்களிலிருந்தும் வாசனைத் தைலங்களிலிருந்தும் வந்தவை என்பதால் அப்பெயர் பொருந்தியது. ஆனால் 1865இல் கெக்குலே பென்சீனின் வளைய வடிவத்தை முன்வைத்தபின் சொல்லின் பொருள் மணத்தை விட்டு அமைப்புக்கு மாறிவிட்டது. ஆறு கரிம அணுக்கள் வளையமாகக் கோத்திருக்க, எலக்ட்ரான்களில் ஒரு பகுதி எந்த இரண்டு அணுக்களுக்கும் உரியதாக நில்லாமல் வளையம் முழுவதும் பரவியிருப்பதே இன்று அரோமாட்டிக் தன்மை எனப்படுகிறது. மணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேறுபாடில்லை. கமகமவென்று மணக்கும் கற்பூரத்தில் பென்சீன் வளையம் கிடையாது. ஆகவே அது அரோமாட்டிக் அன்று. கரிமமும் நீரகமும் மட்டுமே கொண்டவையே ஐதரோகார்பன்கள் என்பதால், ஆக்சிஜனும் சேர்ந்த பென்சோயிக் அமிலம் அரோமாட்டிக் சேர்மமே தவிர அரோமாட்டிக் ஐதரோகார்பன் ஆகாது.

இரண்டு வளையங்கள் ஒட்டினால் நாப்தலீன். துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டைகள் பலவும் அதுதான். பிறவியிலேயே ஜி6பிடி நொதி குறைந்த குழந்தைகளுக்கு இதன் ஆவி சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள்காமாலையை உண்டாக்கக்கூடும். அக்குறைபாடு ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் காணப்படுவதால், பச்சிளங்குழந்தையின் துணிகளோடு அந்துருண்டையை வைக்கவே கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வேன். மூன்று, நான்கு, ஐந்து என்று வளையங்கள் கூடினால் அவை பல்வளைய ஐதரோகார்பன்கள். வாரக்கடைசியில் தணலில் இறைச்சி வாட்டும் பிராயில், இறைச்சியின் கொழுப்பு தணலில் சொட்டிக் கிளம்பும் புகையிலும், சிகரெட்டுப் புகையிலும், ஏன், அடைத்த அறையில் சூழும் சாம்பிராணிப் புகையிலும் இவை உண்டு. சாம்பிராணி போடுவதை விடச் சொல்லவில்லை. சன்னலைத் திறந்து வையுங்கள். பாரஃபின் (மண்ணெண்ணெய்) அடுப்புக்கும் அதுவே பொருந்தும்.

பென்சீனோ நீண்டகாலம் சுவாசித்தால் எலும்பு மச்சையைத் தாக்கி இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதிப்பட்ட உண்மை. பெட்ரோலில் அது இயல்பாகவே கலந்திருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் மெரபேங்க், தெற்கு டர்பனின் இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே அமைந்த பகுதி. ஓர் ஆலையில் 2020ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின்னும், மற்றொன்றில் 2022ஆம் ஆண்டிலும் சுத்திகரிப்பு நின்றது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் அந்த நெடியோடுதான் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றார்கள். தென்னாப்பிரிக்கச் சட்டம் 2015 சனவரி 1 முதல் காற்றில் பென்சீனின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அந்த அளவைப் பற்றி மக்களிடம் பேசும்போது ‘நறுமணம்’ என்று தொடங்குவது அவர்களுக்கு நாம் செய்யும் தீங்கு.

தமிழில் ‘நாற்றம்’ என்ற சொல் முன்பு எல்லா மணத்துக்கும் பொதுவாக இருந்து, இன்று கெட்ட வாடைக்கு மட்டும் சுருங்கிவிட்டது. ‘நறு’ என்ற அடையோ அப்படி மாறவே இல்லை. அது என்றும் நல்லதையே குறிக்கும். எனவே ‘நறுமண’ என்பது அரோமாட்டிக்கின் 1855ஆம் ஆண்டுப் பொருளைப் பெயர்க்கிறதே ஒழிய இன்றைய பொருளைப் பெயர்க்கவில்லை. ஐதரோகார்பனுக்கு நீரகக்கரிமம் என்ற நல்ல சொல் இருக்கிறது. அதன்முன் ‘பென்சீன்வளைய’ என்று சேர்த்துப் ‘பென்சீன்வளைய நீரகக்கரிமம்’ என்று எழுதுவதையே நான் விரும்புகிறேன். நீளம் கூடினாலும் பொருள் தவறாது. பேச்சிலும் அறிவிப்பிலும் அது கனமாகத் தோன்றினால், ‘அரோமாட்டிக்’ என்றே எழுதி, கேட்பவருக்கு வளையத்தை வரைந்து காட்டலாம். அந்த மாணவிக்கு நான் கரும்பலகையில் முதலில் வரைந்ததும் ஓர் அறுகோணம்தான்.