குற்றம் நடந்த நேரத்தில் மனம் எப்படி இருந்தது?

1843 ஜனவரியில் லண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார். ஐந்தாம் நாள் டிரம்மண்ட் இறந்துபோனார். ஆளும் டோரி கட்சியினர் தன்னை விடாமல் துரத்துகிறார்கள் என்று மெக்நாட்டன் உறுதியாக நம்பினார். சித்தம் கலங்கியவர் என்று ஜூரி விடுவித்தாலும், சாகும்வரை மனநலக் காப்பகத்திலேயே இருந்தார். தீர்ப்பு கிளப்பிய கொந்தளிப்பில் பிறந்தவைதான், சித்தம் கலங்கியவரை எப்போது குற்றத்திலிருந்து விடுவிக்கலாம் என்று சொல்லும் மெக்நாட்டன் விதிகள். அவற்றை ஒட்டியே 1860-இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு எழுதப்பட்டது. இன்று அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு.

மனநலத்தையும் குற்றத்தையும் சேர்த்து முதுகலையில் படிக்க வருபவர்களுக்கு இந்தப் பிரிவு பெரிய பாடம். ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருப்பது மட்டும் போதாது. தான் செய்வது என்ன என்பதையோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு முரண் என்பதையோ அந்த நேரத்தில் அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்றே சட்டம் கேட்கிறது. குற்றம் நடந்த நேரமே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 1964-லேயே சொல்லிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், மருத்துவர் குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்ப்பது பெரும்பாலும் வெகு நாள் கழித்து. அதற்குள் மாத்திரை வேலை செய்து ஆள் தெளிந்திருக்கலாம். அதனால் பழைய மருந்துச் சீட்டு, வீட்டார் சொல்வது, முதலில் பார்த்த போலீஸ்காரரின் வாக்குமூலம் எல்லாவற்றையும் கோத்துப் பார்க்கிறார்கள். செய்துவிட்டு ஆயுதத்தை ஒளித்தாரா, ஓடினாரா, அங்கேயே உட்கார்ந்திருந்தாரா? இதில் அவசரப்படக் கூடாது. திட்டமிட்டார் என்பதாலேயே தெளிவாக இருந்தார் என்று ஆகாது. மெக்நாட்டனும் சுடுவதற்கு முன், லண்டனில் அரசு அலுவலகங்கள் இருக்கும் வைட்ஹால் பகுதியில் பல நாள் சுற்றிக்கொண்டிருந்தவர்தான். மருட்சிக்குள், அதாவது இல்லாததை உறுதியாக நம்பும் நிலையில் இருப்பவரும் அந்த மருட்சிக்கு ஏற்றபடி நிதானமாகத் திட்டம் போடுவார்.

அப்புறம், நோய் இருப்பதுபோல நடிப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். காதில் குரல் கேட்கும் நோயாளிகளில் பலருக்கு அது விட்டு விட்டுத்தான் கேட்கும். அதைச் சமாளிக்கச் சிலர் பாட்டுக் கேட்பார்கள், சிலர் யாரிடமாவது பேசப் போவார்கள். நடிப்பவரோ குரல் ஓயாமல் கேட்பதாகவும், அது சொன்னதை மீறவே முடியாது என்றும் சொல்லக்கூடும். ஆனால் ஒரு பதிலை மட்டும் வைத்து யாரையும் பொய்யர் என்று எழுதுவது அநியாயம். பல சந்திப்புகளும் தேர்வுகளும் வேண்டும்.

மனநோய் என்றாலே கொலைவெறி என்று நினைக்கும் பழக்கம் எனக்கு மிகவும் வேதனை தருகிறது. அமெரிக்காவின் மெக்ஆர்தர் ஆய்வு, மனநல மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தது. 1998-இல் வெளியான முடிவின்படி, போதைப் பழக்கம் இல்லாத நோயாளிகளிடம் காணப்பட்ட வன்முறை, அதே பகுதியில் வாழும் போதைப் பழக்கம் இல்லாத மற்றவர்களிடம் இருந்த அளவுதான். போதை சேர்ந்தபோது இரு தரப்பிலும் வன்முறை கூடியது. தானாகக் குடித்து ஏற்றிக்கொண்ட போதைக்கோ, நம் சட்டம் இந்த விலக்கைத் தருவதில்லை.