சென்னை–நியூயார்க்: டிக்கெட்டில் இருக்கிற மணியைக் கழிக்காதீங்க!

போன வாரமும் ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டார். துபாய் வழியாக நியூயார்க். சென்னையில் அதிகாலை 3.30க்கு ஏறி, அதே நாள் பிற்பகல் 2 மணிக்கு இறங்கவேண்டும். டிக்கெட்டைப் பார்த்து அவரே கணக்குப் போட்டு, பத்தரை மணி நேரம்தானே, போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைத்து செக்-இன்னில் அனுப்பிவிட்டார். துபாயில் இறங்கிய பிறகுதான் இன்னும் 14 மணி நேரம் பறக்கவேண்டும் என்று தெரிந்து மகனுக்கு போன் போட்டிருக்கிறார், மகன் டிக்கெட் போட்டுக்கொடுத்த என்னைக் கூப்பிட்டுக் கத்துகிறார்.

டிக்கெட்டில் ஏறும் நேரம் ஏறுகிற ஊர்க் கடிகாரம், இறங்கும் நேரம் இறங்குகிற ஊர்க் கடிகாரம். எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லிவிட்டேன்! கோடையில் நியூயார்க் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே பிற்பகல் 2 என்றால் நம் வீட்டில் இரவு 11.30. அப்போ மொத்தம் 20 மணி நேரம்: துபாய்க்கு 4, அங்கே காத்திருப்பு 2, மீதி 14. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவிடுவார்கள், வித்தியாசம் பத்தரை ஆகிவிடும். திரும்பி வரும்போது கூத்து தலைகீழ். திங்கள் இரவு 11க்குக் கிளம்பி புதன் அதிகாலை 4க்கு இங்கே இறங்கினால், கழித்துப் பார்ப்பவருக்கு 29 மணி நேரம் வரும். உண்மையில் இருபதுகூட இல்லை. செவ்வாய் காலையிலேயே ஏர்போர்ட்டில் காரோடு போய் நின்ற மாப்பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

“நேராப் போனா பாதி நேரம்தானே சார்?” என்றும் கேட்கிறார்கள். சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நேர்கோட்டுத் தூரமே சுமார் 13,500 கி.மீ. துபாயைத் தொட்டுப் போனால் கிட்டத்தட்ட 14,000, அவ்வளவுதான். நேரத்தைத் தின்பது அந்த 500 கி.மீ. இல்லை, நடுவில் காத்திருப்பதுதான். விலை மலிவு என்று 9 மணி நேரக் காத்திருப்பை நீங்களே தேர்ந்தெடுத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

டிக்கெட்டில் மொத்தப் பயண நேரம் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதைப் படியுங்கள். மருந்து எல்லாம் கைப்பையில், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு. இன்சுலின் சரக்கு அறைக்குப் போகவே கூடாது, உறைந்துபோனால் வீண். எந்த ஊர் மணிப்படி போட்டுக்கொள்வது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் இல்லை. வயதானவர்களுக்குக் கொஞ்சம் எழுந்து நடக்கச் சொல்லுங்கள், தயவுசெய்து.

அப்புறம், 15ஆம் தேதி அதிகாலை 3.30 என்றால் 14ஆம் தேதி ராத்திரியே வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும். குழப்பமாக இருந்தால் அன்று ராத்திரி 10 மணிக்குக்கூடக் கூப்பிடுங்கள், எடுக்கிறேன். 15ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு ஏர்போர்ட் வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டால் புது டிக்கெட் விலையைத்தான் சொல்ல முடியும்.