சிஎஸ்இ சீட்டுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி பேசினார். மகனுக்கு வெளியூர்க் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சிஎஸ்இ, அதாவது கம்ப்யூட்டர் சயின்ஸ். நகையை அடகு வைத்து முன்பணம் கட்டியாகிவிட்டது, ரசீது இல்லை. அந்தப் பையனின் கட்-ஆஃபுக்குக் காரைக்குடி அழகப்பா அரசுப் பொறியியல் கல்லூரியிலேயே எலக்ட்ரிக்கல் (ஈஈஈ) கிடைக்கும். "ஈஈஈ படிச்சா ஐடியில எடுக்க மாட்டாகளாமே தம்பி" என்றார். வருடா வருடம் கலந்தாய்வு நேரத்தில் இதையே கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

எடுப்பார்கள். மென்பொருள் நிறுவனத்தில் புதியவர்களை நேர்காணல் செய்து எடுப்பது என் வேலை, அதனால் சொல்கிறேன். வளாகத் தேர்வுக்கு வரும் பெரிய சர்வீஸ் நிறுவனங்கள் (பிற நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்து கொடுப்பவை) ஈசிஇ எனும் எலக்ட்ரானிக்ஸ், ஈஈஈ, மெக்கானிக்கல் மாணவர்களையும் எழுத விடுகின்றன. அவை கேட்பது பெரும்பாலும் 60 சதவீத மதிப்பெண், நிலுவை அரியர் இல்லாமை, அப்புறம் ஆப்டிட்யூட், கோடிங் தேர்வு. சிஎஸ்இ, ஐடி மட்டும் போதும் என்கிற நிறுவனங்களும் உண்டு. ஆனால் அவர்கள் தேடிப்போவது பெயர்பெற்ற கல்லூரிகளை. ரசீதில்லாமல் பணம் வாங்கும் கல்லூரி வாசலுக்கு அவர்கள் வருவதில்லை.

இன்னொன்று. நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ 2024-25இல் எடுத்துவிட்டது. சிஎஸ்இ, ஏஐ, டேட்டா சயின்ஸ் என்று இடங்கள் பெருகிவிட்டன. இத்தனை பேர் கையிலும் இருக்கும் பட்டம் உங்கள் பிள்ளையை மட்டும் எப்படித் தனியாகக் காட்டும்?

அண்மையில் சிஎஸ்இ முடித்த ஒரு பெண் வந்தாள், நல்ல சிஜிபிஏ. ப்ராஜெக்ட், முகத்தைப் பார்த்து வருகை பதியும் மென்பொருள். "ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு தடவை கேமரா முன்னால் வந்தால் என்ன பதிவாகும்மா?" என்றேன். பதில் இல்லை. ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது. (இரண்டு கேள்விக்குள் எங்களுக்குத் தெரிந்துவிடும், பிள்ளைகளே.) அடுத்து வந்தவன் மெக்கானிக்கல். அப்பாவின் ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் டைல்ஸ்) பட்டறைக்குப் பைத்தானில் ஆர்டர் கணக்கு எழுதியிருந்தான். கல் தண்ணீரில் ஊறும் நாளை முதலில் சேர்க்க மறந்ததால் டெலிவரி தேதி தப்பாக வந்ததையும், அதைத் திருத்திய விதத்தையும் அவனே விளக்கினான். எடுத்துக்கொண்டோம்.

அந்தக் காலத்தில் வட்டிக்கடை வேலைக்குப் பர்மாவுக்குப் போன நம் செட்டிநாட்டுப் பிள்ளைகள் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக உட்கார்ந்து, ஏஜெண்டுக்கு உதவியாக அடுத்தாளாகி, அப்புறம்தான் கடையை நடத்தும் ஏஜெண்டானார்கள். இங்கேயும் கீழிருந்துதான் ஏற வேண்டும். சர்வீஸ் நிறுவனத்தில் முதல் சம்பளம் பெரும்பாலும் ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சம். சென்னை, பெங்களூரில் வாடகை போக மிச்சத்தில் அடகு வட்டி கட்டிப் பாருங்கள், தெரியும்.

கலந்தாய்வை முழுதாகப் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. "100 சதவீதம் பிளேஸ்மெண்ட்" என்றால் எந்த நிறுவனம், எத்தனை பேர், என்ன சம்பளம் என்று எழுத்தில் கேளுங்கள். பிள்ளைகளே, முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் விழ விடாதீர்கள். ஐஐடி ஆசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம், தயவுசெய்து பாருங்கள்.

படிப்பு முடிந்ததும் "பேக்டோர்" வேலை என்று லட்சங்கள் கேட்டு ஒருவன் வருவான். வேலை கொடுக்கப் பணம் கேட்பவன் ஏமாற்றுக்காரன். ஆஃபர் லெட்டரை நிறுவனத்தின் சொந்த இணையதளம் வழியாகச் சரிபாருங்கள். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் கூச்சப்படாமல் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள்.