மையவிலக்கி: மதுவிலக்குக்கு உறவா?

வியாசர்பாடியில் மாலை வேளைகளில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற வாரம் ஒரு மாணவி கேட்டாள்: "மதுவிலக்கு என்றால் மதுவுக்குத் தடை. அப்படியானால் மையவிலக்கு என்றால் மையத்துக்குத் தடையா, டீச்சர்?"

அருமையான கேள்வி.

குழாய்களை அதிவேகமாகச் சுழற்றி, கலவையில் உள்ளவற்றைப் பிரிக்கும் கருவி மையவிலக்கி. அதன் ஆங்கிலப் பெயரான சென்ட்ரிஃபியூஜ் என்பதில் இரண்டு லத்தீன் சொற்கள் உள்ளன. சென்ட்ரம் என்றால் மையம். அதன் கிரேக்க மூலமான கென்ட்ரான் கூர்முனையைக் குறித்தது. வட்டம் போடும்போது கவராயத்தின் ஒரு முனை தாளில் ஊன்றி நிற்குமே, அதையும் குறித்தது. ஃபுகெரே என்றால் ஓடிப்போதல். டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1659இல் எழுதிய நூலில், சுழலும் பொருளை மையத்திலிருந்து வெளியே தள்ளும் இந்த விசையை ஆராய்ந்தார்.

தமிழில் விலகு தன்வினை, விலக்கு பிறவினை. மதுவிலக்கில் மதுவை விலக்குகிறோம். அது இரண்டாம் வேற்றுமைத் தொகை. மையவிலக்கில் மையத்தை யாரும் விலக்கவில்லை. மையத்திலிருந்து பொருளை விலக்குகிறது விசை. நீங்கல் பொருளில் வந்த ஐந்தாம் வேற்றுமைத் தொகை அது. ஆகவே விசை மையவிலக்கு விசை, கருவி மையவிலக்கி, செய்முறை மையவிலக்கல். இடைவெளி விட்டு 'மைய விலக்கு' என்று எழுதினால் தொகை உடைந்து பொருளும் கெடுகிறது.

தண்டையார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் தம்பி வேலை செய்கிறான். மையவிலக்கியில் ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாயைச் செருகியதும் நேர் எதிர்க் குழியில் அதே எடைக்குத் தண்ணீர் நிரப்பிய குழாயை வைப்பான். இல்லாவிட்டால் கருவி அதிரும். சுழன்று நின்றதும் மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, அடியில் சிவப்பணுக்கள், நடுவே வெள்ளையணுக்களின் மெல்லிய வெண்படலம்.

செல்லுக்குள் இருப்பவற்றையும் இப்படியே பிரிக்கலாம். ஈரல் துண்டைக் குளிர்ந்த சுக்ரோஸ் கரைசலில் மசித்து, புவியீர்ப்பைப் போல் சுமார் 1,000 மடங்கு விசையில் பத்து நிமிடம் சுழற்றினால் உட்கரு அடியில் இறங்கும். மேலே நிற்பதை வேறு குழாய்க்கு மாற்றி 10,000 மடங்குக்கு மேல் சுழற்றினால் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும், கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமும் இறங்கும். ஒரு லட்சம் மடங்கில் ஒரு மணி நேரம் சுழற்றினால் எண்டோபிளாச வலையின் துணுக்குகள் வரும். செல் ஆய்வாளர் ஆல்பர்ட் கிளாட் வளர்த்தெடுத்த இந்த வழியில் போய்த்தான் கிறிஸ்டியன் டி டூவ் லைசோசோமைக் கண்டார். இன்னொரு செல் ஆய்வாளரான பலாடேயுடன் சேர்த்து மூவருக்கும் 1974இல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமை 70எஸ், 80எஸ் என்கிறோமே, அந்த எஸ், சுழற்றும்போது ஒரு துகள் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதைக் குறிக்கும் அலகு; அதிவேக மையவிலக்கியை உருவாக்கிய ஸ்வெட்பெர்க்கின் பெயர்.

இந்தச் செய்முறையைச் 'செல் பிரித்தல்' என்று சுருக்கக் கூடாது. ஓர் ஒற்று விழுந்தால் அது செல் பிரிதல் ஆகிவிடும். ஒரு செல் இரண்டாவதற்கு அதுதான் பெயர். 'செல் கூறுகளைப் பிரித்தெடுத்தல்' என்று முழுதாக எழுதுங்கள்.

அடியில் தங்குவதை வீழ்படிவு என்று எழுதுவதும் எனக்கு ஒப்பவில்லை. வீழ்படிவு வேதிவினையில் புதிதாகப் பிறப்பது. இங்கே எதுவும் பிறக்கவில்லை, இருந்தது இறங்கியிருக்கிறது. நம் வீடுகளில் ரசத்தின் மேலே நிற்பதைத் தெளிவு என்றும் அடியில் தங்குவதை மண்டி என்றும் சொல்கிறோம். அந்த மாணவி தன் குறிப்பேட்டில் படம் வரைந்து, குழாயின் மேல்பகுதிக்குத் 'தெளிவு' என்றும் அடிப்பகுதிக்கு 'மண்டி' என்றும் பெயர் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.